பனியன் கம்பெனியில் தொழிலாளர் யோசனைகளைக் கேட்டு வாங்கி நடைமுறைக்குக் கொண்டுவருவது: முழுமையான வழிகாட்டி

திருப்பூர் பக்கம் ஐம்பது முதல் ஐந்நூறு பேர் வரை வேலை செய்யும் தையல் யூனிட்டை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். யூனிட்டை நடத்துபவர், புரொடக்‌ஷன் மேனேஜர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) பையன் என யார் வேண்டுமானாலும் இதைப் பயன்படுத்தலாம்.

பல இடங்களில் நடப்பது இதுதான். சுவரில் ஒரு பெட்டி மாட்டுவார்கள், போஸ்டர் ஒட்டுவார்கள். முதல் மாதம் கொத்தாகச் சீட்டு வரும். மூன்றாவது மாதம் பெட்டியைத் திறந்தால் சாக்லேட் காகிதமும் நூல் பிசிறும் கிடக்கும். "நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் வராது" என்று முடித்துவிடுவார்கள். ஆனால் பெரும்பாலும் கோளாறு ஆட்களிடம் இருக்காது. பெட்டி மாட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய நான்கைந்து வேலைகளை யாரும் செய்திருக்க மாட்டார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. முதலாளியிடம் மூன்று வாக்கு வாங்குங்கள்

முதல் வாக்கு ரேட் பற்றியது. பீஸ் ரேட்டில் (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில்) தைக்கும் ஒரு ஓவர்லாக் மெஷின் டெய்லர் பீஸைத் திருப்பும் முறையை மாற்றி நாளைக்கு நூறு பீஸ் கூடுதலாக எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்து அடுத்த வாரமே ரேட்டைக் குறைத்தால், அந்த லைனில் இனி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவரவர் கைவேலையின் சூட்சுமம் அவரவர் கைக்குள்ளேயே இருந்துவிடும். ஆகவே, யோசனையால் வேகம் கூடினாலும் அந்த ஸ்டைல் (இப்போது தைக்கும் உடுப்பு மாடல்) முடியும்வரை ரேட் குறையாது என்று முதலாளி வாயாலேயே லைனில் சொல்ல வேண்டும். ஷிப்ட் சம்பளக்காரர்களுக்கு டார்கெட் விஷயத்திலும் இதே விதிதான். யோசனையால் ஒரு ஆளுக்கு வேலை இல்லாமல் போனால் அவருக்கு யூனிட்டுக்குள்ளேயே வேறு வேலை தரப்படும், வீட்டுக்கு அனுப்பப்பட மாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தையலைக் காண்ட்ராக்டரிடம் விட்டிருக்கிறீர்கள் என்றால் இந்த வாக்கு அவரிடமிருந்தும் வர வேண்டும். ரேட் அவர் கையில் இருக்கும்போது முதலாளி தரும் வாக்கை யார் நம்புவார்கள்?

இரண்டாவது வாக்கு பணம். ஒரு யோசனைக்கு இரண்டாயிரம் ரூபாய் வரை யாரையும் கேட்காமல் செலவு செய்யும் உரிமை ஃப்ளோர் பொறுப்பாளருக்கு வேண்டும். வருகிற யோசனைகளில் முக்கால்வாசி ஒரு மரத்தட்டு, ஒரு எல்.இ.டி. விளக்கு, கொஞ்சம் கலர் டேப்போடு முடிந்துவிடும். இதற்கெல்லாம் கையெழுத்து வாங்க அலைந்தால் யோசனை ஆறிப்போகும்.

மூன்றாவது வாக்கு மெக்கானிக்கின் நேரம். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஃபோல்டர் (துணியை மடித்துக் கொடுக்கும் பாகம்) செய்ய, கைடு (துணி விலகாமல் ஓட உதவும் பாகம்) பொருத்த, மேசை உயரத்தை மாற்ற என்று எல்லாவற்றுக்கும் மெக்கானிக் வேண்டும். அவரோ மெஷின் நின்றால் ஓடுகிற ஆள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் யோசனை வேலைக்கு மட்டும் என்று ஒதுக்காவிட்டால், "சரி, செய்யலாம்" என்று சொன்ன யோசனைகள் அப்படியே கிடக்கும். முடியாது என்று சொல்வதைவிட இது மோசம்.

மூன்றில் ரேட் பற்றிய வாக்கு கிடைக்காவிட்டால் தொடங்காதீர்கள். மற்ற இரண்டையும் போகப்போகப் பேசி வாங்கலாம்.

2. பழைய குறைகளை முதலில் முடியுங்கள்

கேட்கத் தொடங்கியதும் முதலில் வருவது யோசனையாக இருக்காது, குறையாக இருக்கும். மூன்றாவது ஃபேன் ஓடவில்லை, பாத்ரூம் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது, செக்கிங் மேசை லைட் மங்கல், குடிதண்ணீர் கேன் மாலையில் காலி. இவற்றைப் பல மாதமாகச் சொல்லி அலுத்தவர்கள்தான் அவர்கள். இதெல்லாம் அப்படியே இருக்க, "உற்பத்தியைக் கூட்ட யோசனை சொல்லுங்க" என்றால் முகத்துக்கு நேரே சிரிக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

லைனைச் சுற்றி வந்து இப்படி நான்கைந்தைக் குறித்து, ஒரு வாரத்தில் முடித்துவிடுங்கள். முடித்ததும் "நீங்க சொன்ன ஃபேன் சரி பண்ணியாச்சுங்க்கா" என்று சொன்னவரிடமே போய்ச் சொல்லுங்கள். சொன்னால் நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

3. சூப்பர்வைசரை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள்

சூப்பர்வைசர் இடத்தில் நின்று பாருங்கள். அவருடைய லைனிலிருந்து வரும் ஒவ்வொரு யோசனையும் மேலே இருப்பவர்களுக்கு அவருடைய தவறுபோலத்தான் கேட்கும். டெய்லர் ஒரு நல்ல வழி சொன்னதும் மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்து, "இத்தனை நாளா ஏன் இதைச் செய்யல?" என்பார். அந்த ஒரு கேள்வி போதும். அடுத்த யோசனை மேலே வராமல் அவரே பார்த்துக்கொள்வார். இந்தக் கேள்வியை யாரும் கேட்கக் கூடாது என்று முதலாளியையும் சேர்த்து முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

யோசனையை முதலில் கேட்பவர் சூப்பர்வைசராகவே இருக்கட்டும். சீட்டில் சொன்னவர் பெயரோடு, செய்து முடிக்க உதவியவர் என்று அவர் பெயரும் வர வேண்டும். மாதக் கடைசியில் அவருடைய லைனில் எத்தனை யோசனை நடைமுறைக்கு வந்தது என்று கேளுங்கள். எத்தனை சீட்டு வந்தது என்று கேட்டீர்களானால், அவரே உட்கார்ந்து பத்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்.

4. ஒரே ஒரு லைனில் தொடங்குங்கள்

யூனிட் முழுக்க ஒரே நாளில் தொடங்கினால் பதில் சொல்லியே மாளாது. பேசிக் டி-ஷர்ட் மாதிரி நிதானமாக ஓடும் ஆர்டர் உள்ள ஒரு லைனை எடுங்கள். ஷிப்மென்ட் நெருக்கடியில் இருக்கும் லைன் வேண்டாம். அங்கே எல்லோருக்கும் ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கும், புதிதாக எதையும் முயல மனசு வராது.

5. கேட்கிற விதம்

"ஏதாவது யோசனை இருந்தா சொல்லுங்க" என்பது கேள்வியே இல்லை. அதற்கு யாரிடமும் பதிலும் இருக்காது. யோசனை என்றால் ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். வேலையைப் பற்றிய சின்னக் கேள்விகளாகக் கேட்க வேண்டும்:

- காலையிலிருந்து எதுக்காகவெல்லாம் மெஷினை விட்டு எழுந்து போனீங்க?
- எந்த பீஸ் திரும்பித் திரும்பி உங்ககிட்டயே வருது?
- எதைத் தேடினீங்க?
- சாயங்காலம் எங்கே வலிக்குது?

கடைசிக் கேள்வி உற்பத்திக்குச் சம்பந்தம் இல்லாததுபோலத் தோன்றும். நல்ல யோசனைகள் அதிலிருந்துதான் நிறைய வரும். தோள் வலிக்கிறது என்றால் பண்டில் (தைக்க வரும் பீஸ் கட்டு) வைக்கும் இடம் எட்டாத தூரத்தில் இருக்கும். கழுத்து வலிக்கிறது என்றால் வெளிச்சம் போதாது, அல்லது ஸ்டூல் உயரம் சரியில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கழுத்துப் பட்டியில் சைஸ் லேபிள் வைக்கும் இடத்தில் உதவிக்கு நிற்கும் கைமடிப் பெண்ணிடம் "எதைத் தேடினீங்க?" என்று கேட்டால், "எல் லேபிளைத்தான்" என்பார். மேசையைப் பார்த்தால் எஸ், எம், எல், எக்ஸ்எல் என நான்கு லேபிளும் ஒரே டப்பாவில் கிடக்கும். எம் பீஸில் எல் லேபிள் ஏறிவிட்டால் செக்கிங்கில் பிடித்து, பிரித்து, மறுபடி தைக்க வேண்டும். பிடிபடாமல் பேக்கிங்கைத் தாண்டிவிட்டால் பையரிடமிருந்து (ஆர்டர் கொடுத்தவரிடமிருந்து) மெயில் வரும். "நாலு குழி வெச்ச தட்டு ஒண்ணு குடுங்க. நடக்கிற சைஸை மட்டும் திறந்து வெச்சுக்கறேன், மத்த மூணுக்கும் மூடி போட்டுரலாம்" என்று அவரே சொல்லிவிடுவார். மூடி போடும் எண்ணம் அந்த மேசையில் நின்று வேலை செய்பவருக்குத்தான் வரும்.

கேட்கும் நேரமும் முக்கியம். டீ டைமில் கேட்காதீர்கள், அது அவர்களுடைய பத்து நிமிடம். ஸ்டைல் மாறி லைன் செட்டாகும்போது கடைசி மெஷின்கள் பீஸ் வராமல் காத்திருக்கும். அப்போது போய் நின்றால் நிதானமாகப் பேசுவார்கள். எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்துக் கேட்பதையும் விடுங்கள். வழக்கமாகப் பேசுகிற இரண்டு பேர்தான் அங்கேயும் பேசுவார்கள்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இருந்தால் அவர்களில் தமிழ் பேசத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களை அழைத்து வந்த ஏஜெண்டை வைத்துக் கேட்கக் கூடாது. யாருக்கு வேலை, யாருக்கு ரூம் என்று முடிவு செய்கிறவர் முன்னால் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள்.

6. சீட்டில் என்ன எழுத வேண்டும்

நான்கு வரி போதும்: பெயரும் மெஷினும், இப்போது எப்படி நடக்கிறது, எப்படி மாற்றலாம், சொன்ன தேதி. எவ்வளவு மிச்சமாகும் என்ற கட்டத்தைச் சேர்க்காதீர்கள். அந்தக் கட்டத்தை நிரப்பத் தெரியாமலேயே பலர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கணக்குப் போடுவது உங்கள் வேலை.

எழுத வராதவருக்குச் சூப்பர்வைசரோ ஐ.இ. பையனோ எழுதட்டும். எழுதியதைப் படித்துக் காட்டி, "இதைத்தானே சொன்னீங்க?" என்று கேட்டுக்கொள்ளட்டும். வாட்ஸப் வாய்ஸ் மெசேஜில் வந்தாலும் சரி, அதே நாளில் சீட்டாக மாற்றிவிடுங்கள். வாய்ஸ் மெசேஜாகவே விட்டால் காணாமல் போய்விடும்.

சில விஷயங்கள் இந்தச் சீட்டில் வந்தாலும் இந்த வழியில் போகக் கூடாது. பாலியல் தொல்லை பற்றி ஒரு வரி வந்தாலும் அது அறிவிப்புப் போர்டுக்கோ மீட்டிங்குக்கோ போகக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். எழுதியவரிடம் தனியாகப் பேசி, புகாரை அந்தக் குழுவிடம் கொடுக்க உதவுங்கள். வேறு யாருக்கும் தெரியக் கூடாது. சம்பளம், ஷிப்ட் நேரம் பற்றியவை நிர்வாகமும் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார்ந்து பேச வேண்டியவை. வேலை நிபந்தனைகளை மாற்றுவதற்கு முன்னறிவிப்பு தர வேண்டும் என்று சட்டம் இருக்கும்போது, ஃப்ளோரில் நின்று "சரி, நாளையிலிருந்து" என்று சொல்லிவிடாதீர்கள். ஒயர் பிய்ந்து தொங்குகிறது, பாய்லர் பக்கம் கசிகிறது என்பவை யோசனை வரிசையில் காத்திருக்கவே கூடாது. அன்றே ஆள் போக வேண்டும்.

7. சனிக்கிழமைக்குள் பதில்

இந்தத் திட்டம் முழுக்க இந்த ஒரு படியில்தான் நிற்கிறது. பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் கணக்கு எளிது: அந்த வாரம் சொன்ன யோசனைக்குச் சம்பளம் வாங்கும் முன் பதில் போய்விட வேண்டும். பதில் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: செய்கிறோம், இந்தத் தேதிக்குள். சோதித்துப் பார்க்கிறோம், இந்த மெஷினில். இப்போது முடியாது, இந்தக் காரணத்தால்.

"பரிசீலனையில் உள்ளது" என்பது பதில் அல்ல. அந்த வார்த்தையைக் கேட்டால் என்ன அர்த்தம் என்று அரசு ஆபீஸுக்குப் போய் வந்த எல்லோருக்கும் தெரியும்.

முடியாது என்பதை நேரில் போய், காரணத்தோடு சொல்லுங்கள். ஊசி விஷயம் இதற்கு நல்ல உதாரணம். ஊசி உடைந்தால் டெய்லர் எழுந்து போய் வாங்கி வர வேண்டியிருக்கிறது. அதனால் "ரெண்டு ஊசி எங்கிட்டயே இருக்கட்டுமே" என்பது எல்லா யூனிட்டிலும் வரும் யோசனை. செய்ய முடியாது. உடைந்த ஊசியின் துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தர வேண்டும் என்பது பையர்கள் வற்புறுத்தும் விதி. ஒரு துண்டு துணிக்குள் தங்கிப்போனால் குழந்தை உடுப்பில் அது என்ன செய்யும் என்று சொன்னால் எந்த டெய்லரும் புரிந்துகொள்வார். அதோடு நிற்காமல், "நடை மிச்சமாகணும், ஆனா ஊசி உங்ககிட்ட இருக்கக் கூடாது. வேற என்ன செய்யலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். ஊசிப் பெட்டியும் ரிஜிஸ்டரும் வைத்திருப்பவர் டெய்லர் கை தூக்கியதும் மெஷினுக்கே வரட்டும் என்ற வழி அப்படித்தான் கிடைக்கும். மறுத்த யோசனைகளில் இப்படி இரண்டாவது பேச்சில் பிழைப்பவை நிறைய.

டொயோட்டாவில் 1951-இல் தொடங்கிய யோசனைத் திட்டத்தில் 1980-களில் வந்தவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் நடைமுறைக்கு வந்தன. அங்கே மட்டும் எல்லோரும் நல்ல யோசனையாகவே சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேற்பார்வையாளர் கூட உட்கார்ந்து பேசிப் பதப்படுத்திய பிறகே யோசனை காகிதத்துக்குப் போகும் முறை அது.

8. சோதனை: முன்னும் பின்னும் அளவு எடுங்கள்

மாற்றுவதற்கு முன்னால் இப்போதைய நிலையை அளந்து வையுங்கள். இதை விட்டுவிட்டு மாற்றிய பிறகு "முன்னைவிட நல்லாயிருக்கு" என்று சொல்வதில் பயனில்லை. மாற்றம் பிடிக்காதவர் "முன்னையே நல்லாயிருந்துச்சு" என்பார். இரண்டுக்கும் ஆதாரம் இருக்காது.

உதாரணமாக, பேட்லாக் (ஃப்ளாட்லாக்) மெஷினில் கீழ்மடிப்பு அடிக்கும் டெய்லர், மெஷின் தட்டில் ஒரு காந்த கைடு வைத்தால் மடிப்பு அகலம் மாறாது என்கிறார். கைடு இல்லாமல் இருபது பீஸ், வைத்து இருபது பீஸ். நேரம் பாருங்கள், மடிப்பு அகலத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். முதல் ஐந்து பீஸைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கை பழக வேண்டும். கைடு வைத்த பண்டிலுக்குத் தனி ஸ்டிக்கர் ஒட்டி, செக்கிங், அயர்ன் வரை அது எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

கடைசியில் சொன்னதை மறக்கவே கூடாது. ஒரு இடத்தில் மிச்சமான வேலை அடுத்த மேசையில் போய் விழுந்திருக்கலாம். நூலை மெஷினிலேயே வெட்டாமல் விட்டால் டெய்லருக்கு வேகம் கூடும். டிரிம்மிங் மேசையில் பீஸ் மலைபோல் குவியும். யோசனை சொன்னவருக்கு அடுத்த மேசை தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம் கணக்கு. பீஸுக்கு 4 நொடி மிச்சம், நாளைக்கு 900 பீஸ் என்றால் 3,600 நொடி, ஒரு மணி நேரம். உடனே அதை ரூபாயாக்கி முதலாளியிடம் காட்டத் தோன்றும். காட்டாதீர்கள். லைனில் எங்கே பீஸ் தேங்குகிறதோ அந்த இடத்தில் மிச்சமான நேரம்தான் கூடுதல் உற்பத்தியாகும். தேக்கம் கழுத்துப் பட்டியில் இருக்கும்போது கீழ்மடிப்பில் ஒரு மணி நேரம் மிச்சமானால், அந்த டெய்லர் ஒரு மணி நேரம் சும்மா உட்காருவார், அவ்வளவே. அந்த யோசனையின் பலனை டேமேஜ் குறைந்த கணக்கில் காட்டுங்கள். இல்லாத லாபத்தைக் காட்டினால் மாதக் கடைசியில் "அந்த லாபம் எங்கே?" என்று கேட்பார்கள், திட்டத்தின் மீதே நம்பிக்கை போய்விடும்.

9. பணம், பாராட்டு

நடைமுறைக்கு வந்த ஒவ்வொரு யோசனைக்கும் ஒரே தொகை, நூறு ரூபாய் மாதிரி. பெரிய பலன் தந்ததற்கு மாதம் ஒருமுறை தனியாக ஏதாவது கொடுக்கலாம். மிச்சத்தில் இத்தனை சதவீதம் என்று அறிவிக்காதீர்கள். கணக்குச் சண்டை வரும், "முதல்ல சொன்னது நான்தான்" என்ற சண்டை அதைவிடப் பெரிதாக வரும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொன்னால் ஆளுக்கு நூறு. பிரித்துக் கொடுத்தால் அடுத்த முறை சேர்ந்து யோசிக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை சம்பளக் கவரோடு சேர்க்காமல் தனிக் கவரில், லைனில் வைத்துக் கொடுங்கள். பெயரையும் போட்டோவையும் போர்டில் போடும் முன் அவரிடம் கேளுங்கள். தன் போட்டோ வாட்ஸப் குரூப்பில் சுற்றுவது பல பெண்களுக்குப் பிடிக்காது. அவர்களுக்குப் பெயர் மட்டும், அதுவும் வேண்டாம் என்றால் மெஷின் நம்பர்.

10. மாற்றம் நிலைக்க

லேபிள் தட்டு இரண்டு வாரம் நன்றாக இருக்கும். ஸ்டைல் மாறும், கைமடிப் பெண் லீவு போடுவார், புதிதாக வந்தவர் பழையபடி டப்பாவில் கொட்டுவார். இதைத் தவிர்க்க இரண்டு வேலை. சரியான முறையை ஒரு போட்டோவாக எடுத்து அந்த மெஷினுக்கு மேலேயே ஒட்டுங்கள். பத்து வரி எழுதி ஃபைலில் போட்டால் ஆடிட்டர் மட்டும்தான் படிப்பார். அடுத்து, லைன் செட்டிங் செக்லிஸ்டில் அதை ஒரு வரியாகச் சேருங்கள். புது ஸ்டைல் ஏறும்போது சூப்பர்வைசர் கண்ணில் தானாகப் படும்.

11. அடுத்த லைனுக்குப் போகும் முன்

வாரம் ஒருமுறை ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்: ஏழு நாளுக்கு மேல் பதில் இல்லாமல் கிடக்கும் சீட்டுகள் எத்தனை? அது பூஜ்யத்தில் நிற்கும்வரை அடுத்த லைனுக்குப் போகாதீர்கள். வந்த சீட்டுகள் குறைந்தால் பயப்பட வேண்டாம். பழைய எரிச்சல்கள் தீர்ந்த பிறகு எண்ணிக்கை இறங்குவது இயல்புதான். பதில் தாமதமானதால் இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்த லைனில் தொடங்கும்போது பேச்சை நீங்கள் பேசாதீர்கள். முதல் லைனிலிருந்து ஒரு டெய்லரை அழைத்துப் போய், தான் சொன்னது என்ன ஆனது, ரேட் குறைந்ததா இல்லையா என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் கேட்க விரும்புவது இரண்டாவது விஷயத்தைத்தான்.

ஷிப்மென்ட் நெருக்கும் வாரங்களில் புதுச் சோதனைகளை நிறுத்தி வைக்கலாம். அதை லைனில் அறிவித்துவிடுங்கள், மறுபடி தொடங்கும் தேதியையும் சேர்த்து. ஆனால் அதற்கு முன் வந்த சீட்டுகளுக்கான பதில் மட்டும் அந்தச் சனிக்கிழமையே போய்விட வேண்டும்.